புரதம் செல்லை விட்டு வெளியேறும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் பி.எஸ்சி. விலங்கியல் படிப்பவர்களுக்கும் மாலை வகுப்பு எடுக்கிறேன். செல்லின் நுண்ணுறுப்புகளான எண்டோபிளாச வலை (புரதம் நுழைந்து மடங்கும் இடம்), கோல்கை (அதைப் பதப்படுத்திப் பிரிக்கும் அடுக்குகள்), லைசோசோம் (கழிவைச் சிதைக்கும் பை) மூன்றையும் எல்லாரும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் புரதம் எப்படிப் போகிறது என்று கேட்டால்தான் திண்டாட்டம். அந்தத் திண்டாட்டத்தில் பிறந்த கேள்விகள் இவை. ஒன்றிரண்டு பெற்றோர் கேட்டவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சந்தேகம்தான் இருக்கிறது: எங்கே போகவேண்டும் என்று புரதத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதே என் பதில். அதன் உடலில் இருக்கும் ஓர் அடையாளத்தை ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு மூலக்கூறு வந்து பிடிக்கிறது. முழுப் பாதையும் தெரிந்த மூலக்கூறு செல்லுக்குள் ஒன்றுகூடக் கிடையாது.

சார், எல்லாப் புரதமும் செல்லை விட்டு வெளியே போகுமா?

போகாது. பெரும்பாலானவை செல்லுக்குள்ளேயே வேலை பார்ப்பவை. வெளியே அனுப்புவதற்கென்றே தயாராகிறவை சுரப்புப் புரதங்கள்: எச்சிலில் உள்ள அமைலேஸ், கணையத்து நொதிகள், இன்சுலின், எதிர்ப்பொருள்கள், கல்லீரல் இரத்தத்தில் விடும் ஆல்புமின், பாலில் உள்ள கேசின். லைசோசோமுக்கும் செல் சவ்வுக்கும் போகும் புரதங்களும் பாதித் தூரம் இதே வழியில்தான் பயணம் செய்கின்றன.

ரைபோசோம் எல்லாம் ஒன்றுதானே, சிலது மட்டும் ஏன் எண்டோபிளாச வலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

நல்ல கேள்வி. ரைபோசோம் என்பது புரதத்தைக் கட்டும் துகள். ஒட்டியிருக்கும் ரைபோசோமுக்கும் மிதந்து திரியும் ரைபோசோமுக்கும் வித்தியாசமே இல்லை. எந்தப் புரதத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது ஒட்டுகிறது.

வெளியே போகவேண்டிய புரதத்தின் தொடக்க முனையில் ஏறக்குறைய 15 முதல் 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கும். அதன் நடுப்பகுதி தண்ணீருக்கு ஒவ்வாதது. இதற்கு சிக்னல் வரிசை என்று பெயர். ரைபோசோமிலிருந்து இந்தத் துண்டு தலையை நீட்டியதுமே எஸ்.ஆர்.பி. என்ற துகள் அதைக் கவ்விக்கொள்ளும். ஆறு புரதங்களும் ஓர் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்த துகள் அது. கவ்விய கணத்தில் புரதம் வளர்வது மந்தமாகிவிடும். எஸ்.ஆர்.பி. ரைபோசோமை அப்படியே வலையின் சவ்வுக்குக் கூட்டிவந்து, அங்குள்ள தன் ஏற்பியிடம் (அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம்) சேர்க்கும். பக்கத்திலேயே செக்61 என்ற துளைப் புரதம். எஸ்.ஆர்.பி. விலகியதும் கட்டுமானம் மறுபடி தொடங்கும். வளரும் புரதம் அந்தத் துளை வழியாக வலைக்குள் இறங்கும். இறங்கும்போதே சிக்னல் துண்டை ஒரு நொதி வெட்டி எடுத்துவிடும்.

இதை முன்வைத்தவர் குந்தர் புளோபெல். 1971இல் சபாட்டினியோடு சேர்ந்து ஊகமாகச் சொன்னார். அப்போது கையில் ஆதாரம் அதிகம் இல்லை. 1972இல் மில்ஸ்டைன் குழுவினர், வலைச் சவ்வு இல்லாத சோதனைக் குழாயில் எதிர்ப்பொருளின் ஒரு சங்கிலியைத் தயாரித்துப் பார்த்தார்கள். செல்லில் இருப்பதைவிட அது சற்று நீளமாக வந்தது. வெட்டப்படாத துண்டு அது! 1975இல் புளோபெலும் டோபர்ஸ்டைனும் நாயின் கணையத்திலிருந்து எடுத்த வலைச் சவ்வுத் துணுக்குகளைச் சேர்த்தார்கள். புரதம் கட்டப்படும்போது சேர்த்தால் அது உள்ளே போய், சரியான நீளத்தில், வெளியிலிருந்து புரத நொதி தீண்ட முடியாத இடத்தில் இருந்தது. கட்டி முடித்த பிறகு சேர்த்தால் உள்ளே போகவே இல்லை. இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும். 1999இல் புளோபெலுக்கு நோபல் கிடைத்தது.

ஈஸ்ட்டில் சில புரதங்கள் கட்டி முடிந்த பிறகும் உள்ளே போகும். அது கல்லூரிப் பாடம், இப்போதைக்கு விடுங்கள்.

வலையிலிருந்து கோல்கைக்குப் போகிறது என்று யார் பார்த்தது?

ஜார்ஜ் பலாடேயும் ஜேமிசனும், 1960களில். பலாடே ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர். எடுத்துக்கொண்டது கினிப் பன்றியின் கணையத் துண்டுகள். கணையச் செல் தயாரிக்கும் புரதத்தில் பெரும்பங்கு வெளியே அனுப்புவதற்கானது என்பதால் இந்த ஆராய்ச்சிக்கு அதைவிட வசதியான திசு கிடையாது.

கதிரியக்க லூசினை 3 நிமிடம் மட்டும் அந்தத் துண்டுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு சாதாரண லூசினுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, அந்த 3 நிமிடத்தில் உருவான புரதம் மட்டுமே கதிரியக்கம் உடையது. அதன் பிறகு வெவ்வேறு நேரங்களில் துண்டுகளை எடுத்து, மெல்லிய சீவலாக்கி, மேலே புகைப்பட எமல்ஷன் பூசி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கதிரியக்கம் இருக்கும் இடத்தில் வெள்ளித் துகள்கள் கறுப்பாகப் படியும். முதலில் புள்ளிகள் சொரசொரப்பான வலையின் மேல், அதாவது ரைபோசோம் ஒட்டிய பகுதியில். 7 நிமிடம் கழித்துப் பார்த்தால் கோல்கையின் ஓரத்து நுண்பைகளில். 37 நிமிடத்தில் நொதி செறிவடையும் பெரிய பைகளில். 117 நிமிடத்தில், வெளியேறக் காத்திருக்கும், நொதி நிறைந்த சைமோஜன் துகள்களில்.

ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, செத்த செல்களின் படங்களை வரிசையாக அடுக்கியே பிடித்துவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் வியப்புதான். குளோடு, டி டூவ் இருவரோடும் பலாடேக்கு 1974இல் நோபல்.

உள்ளே போனதும் அடுத்த கட்டத்துக்குக் கிளம்பிவிடுமா?

அவ்வளவு லேசில் விடமாட்டார்கள். வலைக்குள் புரதம் சரியாக மடங்கவேண்டும். பிஐபி போன்ற துணைப் புரதங்கள் அது கண்டபடி ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து நிற்கும். டைசல்ஃபைடு பிணைப்புகள் சரியான ஜோடியில் விழ இன்னொரு நொதி உதவும். பல புரதங்களில் 14 சர்க்கரை மூலக்கூறுகள் கொண்ட ஒரு கிளை அப்படியே ஒட்டப்படும். அந்தக் கிளையின் முனைச் சர்க்கரைகளை வெட்டுவதும் ஒன்றைத் திரும்ப ஒட்டுவதுமாக, புரதம் மடங்கி முடித்ததா என்று செல் பார்த்துக்கொண்டே இருக்கும். தேறாதவை திரும்ப சைட்டோபிளாசத்துக்குத் தள்ளப்பட்டு, யூபிக்விட்டின் என்ற முத்திரைப் புரதம் குத்தப்பட்டு, புரோட்டியசோம் என்ற அரைவை இயந்திரத்தில் சிதைக்கப்படும்.

இந்தக் கண்டிப்பால் சில சமயம் நோயே வருகிறது. நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் பலரிடம் சி.எஃப்.டி.ஆர். என்ற சவ்வுப் புரதத்தில் 508ஆவது இடத்து ஃபினைல்அலனின் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கும். சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தப் புரதம் ஓரளவு வேலை செய்யும். வலையோ அதை வெளியே விடாமல் அழித்துவிடுகிறது.

வைட்டமின் சி கதையும் இங்கேதான் வரும். கொலாஜனின் மூன்று இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள, அதிலுள்ள புரோலினில் ஹைட்ராக்சில் சேர்க்கவேண்டும். அந்த நொதி ஓயாமல் ஓட வைட்டமின் சி தேவை. நெல்லிக்காயோ கொய்யாவோ கண்ணில் படாமல் மாதக்கணக்கில் இருந்தால் கொலாஜன் தளர்ந்து ஈறு வீங்கி இரத்தம் கசிகிறதே, அந்த ஸ்கர்வியின் வேர் எண்டோபிளாச வலைக்குள் இருக்கிறது.

கோல்கையின் வேலை பேக்கிங் செய்வதுதானே?

பாடப்புத்தகத்தின் இந்த ஒற்றை வரி எனக்குப் பிடிக்காது. கோல்கைக்குள் வேதிவினைகள் நடக்கின்றன, ஏராளமாக. அதை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால் வைத்துத்தான் சொல்லுவேன். மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் வீட்டில் கறவை மாடு இருக்கும். பாலை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், அது எப்படித் தண்ணீராக இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை.

மாட்டின் பால் சுரப்பிச் செல்லில் கேசின் புரதம் வலையில் உருவாகி, கோல்கைக்கு வந்து, அங்கே பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. அந்தப் பாஸ்பேட்தான் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கேசினை நுண்ணிய உருண்டைகளாகத் திரட்டுகிறது. பாலின் வெண்மைக்கு முக்கியக் காரணம் இந்த உருண்டைகளும் கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிப்பது.

இனிமேல்தான் ருசிகரம். அதே பாதையில் ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற சின்னப் புரதமும் வருகிறது. அதுவும் வெளியே போகிற பயணிதான். ஆனால் கோல்கையைக் கடக்கும்போது, அங்கேயே நிரந்தரமாக இருக்கும் ஒரு கேலக்டோஸ் நொதியோடு சேர்ந்துகொண்டு, குளுக்கோஸையும் கேலக்டோஸையும் இணைத்து லாக்டோஸ் ஆக்கிவிடுகிறது. லாக்டோஸால் கோல்கைப் பையின் சவ்வைத் தாண்டி வெளியேற முடியாது. உள்ளே சர்க்கரை சேரச் சேர, சவ்வூடு பரவலால் தண்ணீர் பைக்குள் புகும். பை உப்பும். பாலில் உள்ள தண்ணீரில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். எலிகளில் இந்தச் சின்னப் புரதத்தின் மரபணுவை நீக்கிப் பார்த்தபோது பால் கெட்டியாகி, குட்டிகளால் உறிஞ்சவே முடியவில்லை.

வெண்ணெய் மட்டும் வேறு வழி. கொழுப்புத் துளிகள் சைட்டோபிளாசத்தில் மிதந்து, செல்லின் விளிம்புக்கு வந்து, செல் சவ்வையே போர்த்திக்கொண்டு கழன்று விழும். ஒரே செல், ஒரே பால், இரண்டு வாசல்.

கோல்கையின் அடுக்குகள் அசையாமல் நிற்க, நுண்பைகள் மட்டும் புரதத்தைச் சுமந்து முன்னே போகின்றனவா, அல்லது அடுக்குகளே முன்னே நகர்ந்து முதிர்கின்றனவா என்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. 2006இல் இரண்டு குழுக்கள் உயிருள்ள ஈஸ்ட்டில் வண்ணப் புரதங்களை வைத்துப் பார்த்தபோது, ஒரே அடுக்கு ஆரம்ப நிறத்திலிருந்து இறுதி நிறத்துக்கு மாறுவதைக் கண்டார்கள். அடுக்கு முதிர்வதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம் இன்று. காமில்லோ கோல்கி 1898இல் ஆந்தையின் மூளைச் செல்லில் வெள்ளிச் சாயம் ஏற்றி இந்த உறுப்பைப் பார்த்தபோது, சாயம் செய்த மாயம் என்று பலர் நம்பவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த 1950களில்தான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

எது லைசோசோமுக்கு, எது வெளியே என்று எங்கே பிரிக்கப்படுகிறது?

கோல்கையின் கடைசி முகத்தில். ஆரப்பாளையத்தில் தேனி பஸ்ஸும் கோயம்புத்தூர் பஸ்ஸும், மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ்ஸும் நிற்கிற மாதிரி என்று வகுப்பில் சொல்வது உண்டு. இந்த உவமை ஓரளவுக்குத்தான் ஓடும். பஸ் காலியாக இருந்தாலும் நேரம் வந்தால் எடுத்துவிடுவார்கள். செல்லில் சரக்கைப் பிடிக்கும் புரதங்களே பை உருவாவதிலும் பங்கெடுக்கின்றன.

லைசோசோமுக்குப் போகும் நொதிகளின் சர்க்கரைக் கிளையில், கோல்கையின் தொடக்கப் பக்கத்திலேயே, மேனோஸ் 6 பாஸ்பேட் என்ற அடையாளம் பதிக்கப்படும். கடைசி முகத்தில் அதற்கான ஏற்பி காத்திருக்கும். ஏற்பி பிடித்ததை கிளாத்ரின் என்ற உறைப் புரதம் போர்த்திய பைகள் எடுத்துப் போகும். போய்ச் சேரும் இடத்தில் அமிலத்தன்மை அதிகம் என்பதால் பிடி தளர்ந்து நொதி விடுபடும். ஏற்பி மட்டும் கோல்கைக்குத் திரும்பிவிடும்.

இந்த அடையாளத்தைப் பதிக்கும் நொதி பிறவியிலேயே இல்லாவிட்டால் ஐ-செல் நோய். லைசோசோம் நொதிகள் உருவாகின்றன, நன்றாகவும் மடங்குகின்றன, ஆனால் வழி தவறி இரத்தத்தில் கொட்டுகின்றன. லைசோசோமில் சிதைக்க ஆளில்லாமல் கழிவு தேங்கிச் செல்லே திட்டுத்திட்டாகிறது. புரதம் கெடவில்லை, அடையாளம்தான் இல்லை. இதைவிடத் தெளிவான ஆதாரம் இந்தப் பாடத்தில் கிடையாது. அடையாளம் இல்லாதபோது அவை வெளியே போனதையும் கவனியுங்கள்: தனி அடையாளம் ஏதும் இல்லாத கரையும் புரதங்கள் பலவும் கடைசியில் போய்ச் சேரும் இடம் வெளிதான்.

அப்படியானால் வலையிலேயே தங்கவேண்டிய பிஐபி ஏன் வெளியே போய்விடுவதில்லை?

தப்பித்துப் போகத்தான் செய்கிறது. ஆனால் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அதன் வால் முனையில் லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம், லூசின் என்ற நான்கு அமினோ அமிலங்கள் இருக்கும். மன்ரோவும் பெல்ஹாமும் 1987இல் கண்டுபிடித்தது இது. கோல்கையில் உள்ள ஏற்பி இந்த வாலைப் பிடித்து, காப்-1 என்ற புரத உறை போர்த்திய பைகளில் ஏற்றி, பின்னோக்கி அனுப்பிவிடும். கோல்கைக்குள் அமிலத்தன்மை சற்றுக் கூடுதல், அங்கே பிடி இறுகும். வலைக்குள் குறைவு, அங்கே பிடி விடும். அதனால் படத்தில் ஒரே திசை அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்தால் நான் மார்க் குறைப்பேன். சவ்வும் ஏற்பிகளும் திரும்பி வராவிட்டால் முன்னோக்கிய போக்குவரத்தும் சீக்கிரமே நின்றுவிடும்.

சரக்கைச் சுமக்கும் பை எப்படி உருவாகிறது?

சவ்வு தானாக வளையாது. வலையிலிருந்து கிளம்பும் இடத்தில் சார்1 என்ற சிறிய புரதம் ஜி.டி.பி. (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறை ஏற்றுச் சவ்வில் ஊன்றும். அது காப்-2 உறைப் புரதங்களை அழைக்கும். அவற்றில் ஒன்று சரக்கின் அடையாளத்தைப் பிடிக்க, வெளியுறை கூண்டாகக் கூடிச் சவ்வை வளைக்கும். பையின் குறுக்களவு வழக்கமாக 60 முதல் 90 நானோமீட்டர்.

கொலாஜன் கோலோ 300 நானோமீட்டர் நீளம்! அதற்கென டாங்கோ1 என்ற புரதம் ஒரு முனையில் கொலாஜனையும் மறு முனையில் உறையையும் பிடித்து, வெளியேறும் வழியைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

சரியான சவ்வில்தான் போய் ஒட்டுகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இரண்டு சோதனைகள். முதலில் ராப் என்ற குடும்பத்துப் புரதங்கள். மனிதரில் அறுபதுக்கும் மேல். செல்லின் ஒவ்வொரு நுண்ணுறுப்பிலும் தனித்தனி ராப்கள். இவற்றைப் பார்த்து நீண்ட பிணைப்புப் புரதங்கள் பையை அருகே இழுக்கும். அடுத்தது ஸ்நேர் புரதங்கள். பையில் ஒன்று, இலக்குச் சவ்வில் மற்றவை. பொருத்தமானவை சந்தித்தால் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இரண்டு சவ்வுகளையும் நெருக்கி ஒன்றாக்கிவிடும். வேலை முடிந்ததும் என்.எஸ்.எஃப். என்ற புரதம் ஏ.டி.பி. (ATP) என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து அந்த முறுக்கைப் பிரித்துவிடும்.

ஆணி குத்தினால் டி.டி. ஊசி போடச் சொல்வது எதற்கு என்று இங்கே புரியும். இரணஜன்னிக் கிருமியின் நச்சு, தண்டுவடத்து நரம்பு முனையில் பைமேல் உள்ள ஸ்நேரை வெட்டுகிறது. தசையைத் தளர்த்தச் சொல்லும் சமிக்ஞைப் பொருள் வெளியே வரமுடியாமல், தாடையும் முதுகும் விறைக்கின்றன. அங்கே பைக்குள் இருப்பது புரதமல்ல, கிளைசின் போன்ற சிறு மூலக்கூறுதான். ஆனால் பையைத் திறக்கும் முறை அதேதான்.

இதற்கெல்லாம் ஈஸ்ட்டை ஏன் பிடித்துக்கொண்டார்கள்?

பேக்கரியில் பன் மாவுக்குப் போடுகிற அதே ஈஸ்ட். ராண்டி ஷெக்மனும் அவர் மாணவர் பீட்டர் நோவிக்கும், 37 டிகிரியில் மட்டும் சுரப்பு நின்றுபோகும் திடீர்மாற்ற ஈஸ்ட்களைத் தேடினார்கள். ஒரு தந்திரம் கைகொடுத்தது. சுரப்பு நின்றால் செல் பெரிதாகாது, ஆனால் உள்ளே புரதம் உருவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தச் செல்கள் அடர்த்தி கூடிச் சுழற்சிக் குழாயில் கீழே இறங்கும். அப்படிப் பிரித்தெடுத்து 1980இல் 23 மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள். மறுபக்கம் ஜேம்ஸ் ராத்மன் பாலூட்டிச் செல்களை உடைத்துச் சோதனைக் குழாயில் கோல்கைப் போக்குவரத்தை ஓட்டி என்.எஸ்.எஃப்.ஐப் பிரித்தெடுத்தார். பார்த்தால் அது ஈஸ்ட்டின் செக்18தான்! ஷெக்மனுக்கும் ராத்மனுக்கும், நரம்பு முனையில் கால்சியத்தின் பங்கை விளக்கிய தாமஸ் சூடாஃபுக்கும் 2013இல் நோபல். இன்று சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் ஒரு பகுதி, ஈஸ்ட் செல்கள் இந்தப் பாதை வழியே சுரந்து தருவதுதான்.

அப்பாவுக்கு பெரியாஸ்பத்திரியில் சி-பெப்டைடு டெஸ்ட் எழுதினார்கள். இந்தப் பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக. இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்களோடு உருவாகிறது. சிக்னல் வரிசையின் 24 போனால் 86, இதுதான் புரோஇன்சுலின். வலைக்குள் மடங்கி, கோல்கை தாண்டி, சுரப்புத் துகளுக்குள் போன பிறகு நடுத்துண்டு வெட்டப்படும். மிஞ்சுவது 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின். வெட்டப்பட்ட நடுத்துண்டில் 31 கொண்ட பகுதிதான் சி-பெப்டைடு. அது அதே துகளில் தங்கி, இன்சுலினோடு சம எண்ணிக்கையில் இரத்தத்துக்கு வரும். ஊசியில் போடும் இன்சுலினில் அது கிடையாது. ஆகவே ஊசி போடுகிறவரிடமும், அவருடைய சொந்தக் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

துகளுக்குள் இன்சுலின் துத்தநாகத்தோடு ஆறு ஆறாகக் கூடிப் படிகமாகக் காத்திருக்கும். இன்சுலின் சுரக்கும் கணையத்து பீட்டா செல் ஒன்றில் சுமார் 10,000 துகள்கள். இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் செல்லில் ஏ.டி.பி. கூடி, ஒரு பொட்டாசியம் வாய்க்கால் மூடி, கால்சியம் உள்ளே பாய்ந்து, ஸ்நேர்கள் முறுக்கிக்கொள்ள, துகள் திறக்கும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு மாத்திரை அந்தப் பொட்டாசியம் வாய்க்காலைத்தான் மூடுகிறது. கல்லீரலின் ஆல்புமினுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. உருவாக உருவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மாத்திரை, டோஸ் பற்றிய கேள்விகளை டாக்டரிடமே கேளுங்கள்.

மதுரை மல்லி வாசனையும் இப்படித்தான் சுரக்கிறதா?

இல்லை. பென்சைல் அசிட்டேட், லினலூல் போன்ற மணப்பொருள்கள் சிறு மூலக்கூறுகள். அவற்றுக்கு சிக்னல் வரிசை கிடையாது. பெட்டூனியாப் பூவில் அவற்றைச் செல் சவ்வுக்கு வெளியே தள்ளுவதற்கென ஒரு கடத்திப் புரதம் இருப்பதை 2017இல் காட்டினார்கள். அந்தக் கடத்தி ஒரு சவ்வுப் புரதம் என்பதால், அது சவ்வில் போய் உட்கார எண்டோபிளாச வலை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

நீட் தேர்வுக்கு இதில் எவ்வளவு போதும்?

அகச்சவ்வுத் தொகுதியில் எண்டோபிளாச வலை, கோல்கை, லைசோசோம், நுண்குமிழ் (வாக்குவோல்) நான்கும் சேரும். மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம், பெராக்சிசோம் சேராது. இதை மாற்றிக் குழப்பிக் கேட்பார்கள். கோல்கையில் புரதம் நுழையும் முகம் சிஸ், கிளம்பும் முகம் டிரான்ஸ். ராப், ஸ்நேர், காப் பெயர்கள் நீட்டுக்கு வேண்டாம், பி.எஸ்சி., சி.எஸ்.ஐ.ஆர். எழுதுகிறவர்கள் மட்டும் எந்த உறை எந்தத் திசையில் போகிறது என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.